ஸ்பீரோ என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும்: கார்ஃபு பயணக் குறிப்புகள்

டிசம்பர் 9, ஏதென்ஸ்

கார்ஃபு தீவுக்குப் போகும் வழியில் ஏதென்ஸில் ஒரு பகல் கிடைத்தது. மழையில் அக்ரோபொலிஸ் பாறை வழுக்கும் என்று விடுதியில் பயமுறுத்தினார்கள். சரி என்று அதை விட்டுவிட்டு, 1896இல் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த பளிங்கு அரங்கத்துக்குப் போனேன். உட்கார ஒரு படியும் காயவில்லை. குடையோடு ஓடுபாதையை ஒரு சுற்று நடந்ததோடு சரி.

இந்தப் பயணமே ஒரு பெயருக்காகத்தான். ஸ்பிரீதோன் என்பது முழுப்பெயர். வீட்டிலும் தெருவிலும் ஸ்பீரோஸ். கிரேக்கத்தில் கூப்பிடும்போது கடைசி 'ஸ்' விழுந்துவிடும், "ஸ்பீரோ!" என்றுதான் அழைப்பார்கள். அந்தப் பெயரின் வீடு கார்ஃபு. ஆனால் அதை உலகத்துக்கு எடுத்துச் சென்றவர் ஏதென்ஸை ஒட்டிய மரூசி கிராமத்து ஆள், ஸ்பிரீதோன் லூயிஸ். தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். 1896 ஏப்ரல் 10ஆம் தேதி, மாரத்தான் ஊரிலிருந்து இந்த அரங்கம் வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டரை 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் ஓடி முதலில் வந்தார். அரங்கத்துக்குள் அவர் நுழைந்ததும் இளவரசர்கள் இருவர் எழுந்து வந்து கூடவே ஓடினார்கள்.

லூயிஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குப் பின்னால் வந்தவர்களின் கதைதான் எனக்குப் பிடித்தது. இரண்டாவதாக வந்தவர் ஹரிலாவோஸ் வசிலாகோஸ். மூன்றாவதாக வந்தவரும் ஒரு ஸ்பிரீதோன், பெலோகாஸ் என்று பெயர். நான்காவதாக வந்த ஹங்கேரிக்காரர், "இந்த ஆள் வழியில் வண்டியில் ஏறி வந்தார்" என்று புகார் செய்தார். விசாரித்தால் உண்மை! பதக்கம் போயிற்று. ஒரே ஓட்டத்தில் ஒரே பெயருக்கு எட்டாத புகழும் கிடைத்தது, துடைக்க முடியாத மானக்கேடும் கிடைத்தது. பெற்றோர்கள் அதற்கப்புறமும் தயங்காமல் அந்தப் பெயரை வைத்துக்கொண்டே இருந்தார்கள் என்றால், பெயரின் செல்வாக்கு லூயிஸிடமிருந்து வந்தது இல்லை என்றுதானே அர்த்தம்.

இன்னொரு ஸ்பிரீதோனும் அதே ஒலிம்பிக்கில் இருந்தார், ஓடாமல். தொடக்க விழாவில் பாடப்பட்ட ஒலிம்பிக் கீதத்துக்கு இசையமைத்த ஸ்பிரீதோன் சமராஸ், 1861இல் கார்ஃபுவில் பிறந்தவர். 1958இல்தான் அதை ஒலிம்பிக் குழு அதிகாரபூர்வ கீதமாக ஏற்றது. இன்றும் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஒலிப்பது கார்ஃபு ஸ்பீரோவின் இசைதான்.

கிரேக்கர்கள் பேச்சில் லூயிஸுக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. யாராவது சொல்லாமல் கொள்ளாமல் நழுவி ஓடிவிட்டால் "லூயிஸ் ஆகிவிட்டான்" என்பார்கள். கடன் வாங்கியவன் காணாமல் போனாலும் அதே சொல்தான். பாவம், தங்கம் வென்றவனுக்குக் கிடைத்த மரியாதை!

டிசம்பர் 10, பேருந்தில்

காலையில் கிஃபிசோஸ் நிலையத்தில் பேருந்து ஏறினேன். விமானத்தில் போனால் ஒரு மணி நேரம். எனக்கு நிலத்தில் போவதுதான் பிடிக்கும். தவிர, வழியில் ஒரு பாலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் வேலை பார்த்த நம்மூர் ஆட்களுக்கு இது புரியும். ஒரு கப்பலில் கேப்டன் ஸ்பீரோஸ், இரண்டாம் எஞ்சினியரும் ஸ்பீரோஸ், இருவரும் கார்ஃபு. நாங்கள் பெரிய ஸ்பீரோ, சின்ன ஸ்பீரோ என்று வைத்துக்கொண்டோம். கொழும்பில் சரக்கு ஏற்றும்போது மூன்றாவதாக ஒரு ஸ்பீரோஸ் வந்து சேர்ந்தார். அன்றைக்கு எழுந்த கேள்விதான், ஏன் இத்தனை ஸ்பீரோக்கள்? கேப்டன் பதிலுக்குக் கையைத் தூக்கிச் சிலுவை போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

பாலம் மதியத்துக்கு முன் வந்தது. ரியோவையும் அந்திரியோவையும் இணைக்கும் கம்பிவடப் பாலம்; 2004இல் திறந்தார்கள், 2,880 மீட்டர். நான்கு தூண்களிலிருந்து கம்பிகள் விரிந்து இறங்குகின்றன. அதன் அதிகாரபூர்வப் பெயர் ஹரிலாவோஸ் திரிகூப்பிஸ் பாலம். 19ஆம் நூற்றாண்டில் பலமுறை பிரதமராக இருந்தவர், இந்த இடத்தில் பாலம் வேண்டும் என்று அப்போதே கனவு கண்டவர். அவருடைய அப்பா பெயர் என்ன தெரியுமா? ஸ்பிரீதோன். ஸ்பிரீதோன் திரிகூப்பிஸ், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிசொலோங்கி ஊர்க்காரர், வரலாற்றாசிரியர், அவரும் 1833இல் பிரதமராக இருந்தவர். 1824இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் மிசொலோங்கியில் இறந்தபோது இரங்கல் உரை ஆற்றியதும் அவர்தான்.

அப்பா ஸ்பிரீதோன், மகன் ஹரிலாவோஸ். இரண்டும் கிரேக்கப் பெயர்கள்தான், ஆனால் வேறு வேறு அலமாரியிலிருந்து எடுத்தவை. அப்பாவின் பெயர் ஒரு கிறிஸ்தவப் புனிதரின் பெயர். மகனுடையது பண்டைய ஸ்பார்ட்டா அரசனின் பெயர். துருக்கிய ஆட்சி முடிகிற காலத்தில் கிரேக்கப் படிப்பாளிகள் பிள்ளைகளுக்கு ஒதிசேயாஸ், தெமிஸ்தொக்ளிஸ், பெரிக்ளிஸ் என்று பழைய வீரர்களின் பெயர்களைத் தேடித் தேடி வைத்தார்கள். பாதிரியார்களுக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கு இரண்டு வகையும் ஒரே வகுப்பறையில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கின்றன.

நேற்றைய மாரத்தானில் இரண்டாவது வந்தவரும் ஹரிலாவோஸ் என்பது பேருந்தில்தான் உறைத்தது.

இகூமெனீட்சா துறைமுகத்தில் பேருந்தே படகுக்குள் ஏறிவிட்டது. கடல் கொஞ்சம் ஆட்டியது. இருட்டிய பிறகு கெர்க்கிரா வந்து சேர்ந்தேன். கார்ஃபுவைக் கிரேக்கர்கள் கெர்க்கிரா என்றுதான் சொல்கிறார்கள். தீவுக்கும் அதன் தலைநகருக்கும் அதே பெயர். மழை, மழை, மழை.

டிசம்பர் 11, கெர்க்கிரா

பழைய நகரத்தின் சந்துகள் வெனிஸ்காரர்கள் கட்டியவை. 1386லிருந்து 1797 வரை இத்தீவு வெனிஸ் ஆட்சியில் இருந்தது. கிரேக்கத்தின் பெரும்பகுதி துருக்கியரிடம் இருந்த காலத்தில் இந்தத் தீவு தப்பித்து நின்றது. நான்கைந்து மாடி வீடுகள், இடையில் கொடிகட்டித் துணி காயப்போடுகிறார்கள் (இன்றைக்குக் காயவில்லை). 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எங்கே தொலைந்தாலும் பயமில்லை. நிமிர்ந்து பார்த்தால் சிவப்புக் குவிமாடம் வைத்த மணிக்கூண்டு தெரியும், அது புனித ஸ்பிரீதோன் கோயிலுடையது. நகரத்தில் அதுதான் உயரம்.

கோயிலுக்கு முன் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆள் கார்ஃபுக்காரரே இல்லை. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைப்ரஸில் பிறந்தவர். ஆடு மேய்த்தவர். கல்யாணம் ஆகி, ஐரீன் என்று ஒரு மகளும் இருந்தாள். திரிமிதூஸ் என்ற ஊருக்கு ஆயரான பிறகும் ஆடு மேய்ப்பதை விடவில்லை. அவர் இறந்து நூறு ஆண்டுக்குள் சொக்ரதீஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் எழுதி வைத்த ஒரு கதை உண்டு. இரவில் திருடர்கள் பட்டிக்குள் புகுந்தார்கள். ஏதோ ஒரு சக்தி அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது. விடியும் வரை அசைய முடியவில்லை. காலையில் வந்த ஸ்பிரீதோன் கட்டை அவிழ்த்து, உழைத்துப் பிழையுங்கள் என்று புத்தி சொன்னார். அப்புறம், இரவெல்லாம் கண்விழித்தது வீணாகக் கூடாது என்று ஒரு கிடாயைக் கையில் கொடுத்து அனுப்பினாராம். இந்தக் கிண்டல் கலந்த கருணைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

325இல் நிக்கேயாவில் கூடிய திருச்சபையின் முதல் பெருஞ்சங்கத்திலும் அவர் இருந்தார் என்பது மரபு. பெரிய பெரிய அறிஞர்கள் மூவொரு கடவுள் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, இவர் ஒரு செங்கல்லைக் கையில் எடுத்து இறுக்கினாராம். நெருப்பு மேலே போயிற்று, தண்ணீர் கீழே சொட்டியது, களிமண் கையில் நின்றது. மூன்றும் சேர்ந்துதானே ஒரு செங்கல்! அதனால் குயவர்களுக்கும் அவர்தான் காவல் புனிதர்.

இனி பெயர். ஸ்பிரீஸ் என்றால் பழைய கிரேக்கத்தில் பின்னிய கூடை. வழிப்பயணத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற கூடை, மீன் கூடை, அந்த வகை. விவிலியம் படித்தவர்கள் இதைக் கடந்து வந்திருப்பார்கள்: நாலாயிரம் பேருக்கு உணவு கொடுத்த பிறகு மிச்சம் ஏழு கூடை நிறைந்தது அல்லவா, அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது இந்தச் சொல். ஐயாயிரம் பேர் கதையில் வரும் பன்னிரண்டு கூடைக்கு வேறு சொல். தமிழில் இரண்டும் கூடைதான். டமாஸ்கஸில் பவுலை மதில் வழியாக இறக்கிவிட்டதும் ஒரு ஸ்பிரீஸில் வைத்துத்தான், அதாவது ஆள் உட்காரும் அளவுக்கும் அது இருந்திருக்கிறது. லத்தீனில் ஆவி என்று பொருள்படும் ஸ்பிரித்துஸ் என்ற சொல்லோடு இந்தப் பெயரை இணைப்பவர்களும் உண்டு. பக்திக்கு அது வசதி. ஆனால் இடையனுக்குக் கூடைதான் பொருந்தும் என்பது என் கட்சி.

என் கட்சிக்குச் சாட்சியும் கிடைத்தது. கோயில் கடையில் விற்கும் படங்களில் மற்ற ஆயர்கள் வெறுந்தலையோடோ கிரீடத்தோடோ இருக்க, ஸ்பிரீதோன் மட்டும் கூர்மையான, பின்னிய ஒரு தொப்பி வைத்திருக்கிறார். இடையர்களின் தொப்பி. கவிழ்த்து வைத்த கூடை மாதிரியே இருக்கிறது. படம் வரைகிறவர்கள் பல நூற்றாண்டாக அதை மாற்றவில்லை.

மூன்றாவது ஒரு அர்த்தத்தை விடுதி நடத்தும் கீரியா ஸ்பிரிதூலா சொன்னார். (கீரியா என்பது திருமதி, அம்மா போன்ற மரியாதைச் சொல். ஸ்பிரிதூலா என்பது இதே பெயரின் பெண் வடிவம். பெண்களும் தப்பவில்லை!) "ஸ்பிரீன்னா தானிய மணி. நாளையிலிருந்து பகல் மணி மணியா வளரும், கேட்டதில்லையா?" என்றார். ஸ்பிரீதோன் நாளிலிருந்து பகல் பொழுது ஒவ்வொரு தானிய மணியளவு நீளும் என்று கிரேக்கத்தில் பழமொழி. இன்றைய நாட்காட்டியில் டிசம்பர் 12க்குப் பிறகும் சில நாட்கள் பகல் குறையத்தான் செய்கிறது. ஆனால் பழமொழி பழைய ஜூலியன் நாட்காட்டிக் காலத்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் அந்த நாட்காட்டியில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் இந்தத் தேதியை ஒட்டித்தான் வந்தது. நாட்காட்டியைத் திருத்தினார்கள், பழமொழியை யாரும் திருத்தவில்லை. அதே ஸ்பிரீக்கு முகப்பரு என்றும் பொருள் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஸ்பீரோக்கள் பட்ட பாட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

மாலையில் கோயிலுக்குப் போனேன். வெளியிலிருந்து எளிமையான கட்டடம், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. உள்ளே ஒரே நீண்ட கூடம். கூரையிலிருந்து வெள்ளி விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. நடுவில் நேர்த்திக்கடனாகக் கொடுத்த சின்ன வெள்ளிக் கப்பல்கள். கப்பல்காரனுக்கு அதைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. பீடத்துக்கு வலப்பக்கம் ஒரு சிறிய அறையில் 1867இல் வியன்னாவில் செய்த வெள்ளிப் பேழை. அதற்குள்தான் புனிதரின் உடல். ஆண்டு முழுக்கப் படுத்திருப்பவரை இன்று நிமிர்த்தி நிற்கவைத்து வெளியே கொண்டுவந்திருந்தார்கள். தெருக்கோடி வரை வரிசை. கிழவிகள், பள்ளிப் பிள்ளைகள், சீருடையோடு கடலோரக் காவல்படை ஆட்கள். நான் நின்றேன். கிட்டே போனதும் ஒரு விநாடிதான், அதற்குள் பின்னால் இருப்பவர் நகரச் சொல்கிறார். வரிசைகளின் இலக்கணம் உலகெங்கும் ஒன்று.

அவர் இங்கே வந்ததும் ஒரு கதைதான். உடல் சைப்ரஸிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போயிருந்தது. 1453இல் அந்நகரம் விழுந்ததும் கலோஹைரெதிஸ் என்ற பாதிரியார் இரண்டு உடல்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்று ஸ்பிரீதோன், மற்றது பேரரசி தெயோதோரா. வைக்கோல் மூட்டையாகக் கட்டிக் கழுதைமேல் ஏற்றி, கேட்டவர்களிடம் தீவனம் என்று சொல்லிக்கொண்டே வந்ததாக மரபு. சில ஆண்டுகளில் கார்ஃபு சேர்ந்தார். அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம்: புனிதர் அந்தக் குடும்பத்தின் சொத்தாகிவிட்டார். பாதிரியாரின் வாரிசுகள் வழியாக வந்து, பெண்ணுக்குச் சீதனமாக வூல்காரிஸ் குடும்பத்துக்குப் போனார். நூற்றாண்டுக் கணக்கில் அந்தக் குடும்பத்தார்தான் கோயிலுக்கு உரிமைக்காரர்களாக இருந்தார்கள்.

திரும்பும் வழியில் சூடாகத் திகனீதெஸ் கொடுத்தார்கள். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, மேலே சர்க்கரை. ஸ்பிரீதோன் நாளை ஒட்டி இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு இதைச் சுடுகிறார்கள். இன்னும் நான்கு கேட்டு வாங்கினேன்.

டிசம்பர் 12, பெயர்நாள்

காலையிலிருந்து மணி ஓயவில்லை, தொலைபேசியும் ஓயவில்லை. கிரேக்கர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள் முக்கியம். நாட்காட்டியில் ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு நாள்; அந்தப் பெயர் உள்ள எல்லோருக்கும் அன்றைக்குக் கொண்டாட்டம். பிறந்தநாள் தெரியாத ஆளைக்கூடப் பெயர் தெரிந்தால் வாழ்த்திவிடலாம். "க்ரோன்யா பொல்லா" என்பார்கள், நம் பல்லாண்டுதான். வீட்டுக் கதவு திறந்திருக்கும், அழைப்பு கிடையாது, வருகிறவர்கள் வருவார்கள். பெயர்க்காரர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். ஊரில் பாதிப்பேர் பெயர்க்காரர்கள் என்றால் யார் யாருக்கு வாங்கித் தருவது? அருகிலிருந்த காப்பிக் கடையில் இதற்காகவே ஒரு சண்டை, அன்பான சண்டை, நடந்துகொண்டிருந்தது. நான் குடித்த காப்பிக்குப் பணம் கொடுத்தவர் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. ஸ்பீரோஸாகத்தான் இருக்க வேண்டும்.

கீரியா ஸ்பிரிதூலா வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். தட்டில் இனிப்பு, கும்குவாட் மதுவில் ஒரு விரல்கடை. குட்டி ஆரஞ்சு போன்ற அந்தப் பழம் இங்கே விசேஷம். வீட்டு ஆண்கள் வரிசையாக அறிமுகமானார்கள்: கணவர் ஸ்பீரோஸ். மூத்த மகனின் பிள்ளை ஸ்பீரோஸ். இளைய மகனின் பிள்ளையும் ஸ்பீரோஸ். பெரியவர்களுக்கு மகள் வழியில் இன்னொரு பேரன், அவனாவது வேறு பெயரா என்றால், அந்தப் பக்கத்துத் தாத்தாவும் ஸ்பீரோஸ்.

விதி இதுதான்: முதல் பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். பேரன் என்பதே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று படித்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. என் பெயரும் தாத்தா பெயர்தான். நாம் இப்போது கணினியில் தேடிப் புதுப்பெயர் வைக்கிறோம், அவர்கள் இன்னும் தாத்தாவிடமே நிற்கிறார்கள். ஒரு தாத்தாவுக்கு மூன்று மகன்கள் என்றால் பெயரும் குடும்பப்பெயரும் அச்சாக ஒன்றாக உள்ள மூன்று பேரன்கள் ஊரில் திரிவார்கள். அதனால் கிரேக்க அரசுப் படிவங்களில் அப்பா பெயர் என்று தனிக் கட்டம் கட்டாயம் இருக்கும். கிராமத்தில் படிவம் எதற்கு, பட்டப்பெயர் போதும்.

"எல்லாம் தாத்தா பெயரா?" என்று கேட்டேன்.

"இல்ல பிள்ளை, நேர்ச்சையும் உண்டு. குழந்தை நோயில கிடந்தா, கப்பல்ல போனவன் திரும்பலைன்னா, புனிதர்கிட்ட வேண்டிக்குவோம். பிழைச்சா அவர் பெயர். அப்ப தாத்தா கோவிச்சுக்கக் கூடாது."

நான் அந்த வெள்ளிக் கப்பல்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க பெயர் என்ன சொன்னீங்க?"

"சண்முகம்."

"அப்படின்னா?"

"ஆறு முகம்."

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். "உங்க பெயர்நாள் எப்போ?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்து, வைகாசி விசாகம் என்றேன். தேதி ஒவ்வொரு வருஷமும் மாறும், மே கடைசியிலோ ஜூனிலோ வரும், நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்கிடுவோம் என்று விளக்கினேன். "ஈஸ்டர் மாதிரி" என்று அவர் உடனே புரிந்துகொண்டார். பெயரனுக்கு ஒரு சந்தேகம்: புனிதர் பட்டியலில் இல்லாத பெயர் என்றால் அனைத்துப் புனிதர் ஞாயிறு அன்றுதானே கொண்டாட வேண்டும்? ஒதிசேயாஸ்களுக்கும் பெரிக்ளிஸ்களுக்கும் அந்த ஞாயிறுதான் கதி. ஈஸ்டர் கழிந்து எட்டாவது ஞாயிறு அது. கணக்குப் பார்த்தால் வைகாசி விசாகத்தை ஒட்டியே வருகிறது. முருகன் கோவித்துக்கொள்ள மாட்டான்.

கவனித்த ஒன்று: இந்த வீட்டில் யாரும் புனிதரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. "ஓ ஆயியோஸ்", புனிதர், அவ்வளவுதான். ஊரெல்லாம் அவர் பெயரைச் சுமந்துகொண்டு திரிய, அவர் மட்டும் பெயரில்லாமல் இருக்கிறார். பேரன்களைத் தாத்தாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள், தாத்தாவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதே கணக்குப் போல.

அவர் நடக்கிறார் என்றும் நம்புகிறார்கள். ராத்திரியில் பேழையிலிருந்து எழுந்து கஷ்டப்படுகிறவர்களைத் தேடிப் போகிறாராம். அதனால் காலில் போட்ட பட்டுச் செருப்பு தேய்ந்துவிடுகிறது. மாற்றிப் புதிதாகப் போட்டு, பழையதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள். தாத்தா ஸ்பீரோஸ் பணப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சின்னத் துணியை எடுத்துக் காட்டினார். கேப்டனும் இதே மாதிரி ஒன்றை வைத்திருந்தார். அப்போது அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 13, கோட்டையும் மைதானமும்

மழை விட்டது. ஊர் தூங்குகிறது.

பழைய கோட்டை வாசலுக்கு முன்னால் ஒரு சிலை, ரோமானிய உடையில். யோஹான் மத்தியாஸ் ஃபான் டெர் ஷூலன்பர்க், வெனிஸுக்காகப் போரிட்ட ஜெர்மானியத் தளபதி. 1716 கோடையில் துருக்கியப் படை தீவில் இறங்கி நகரத்தை முற்றுகையிட்டது. இவர் தாக்குப்பிடித்தார். ஆகஸ்டில் பெரும்புயல் அடித்து முகாம்களைக் கலைத்தது, துருக்கியர் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். தளபதி உயிரோடு இருக்கும்போதே வெனிஸ் அவருக்குச் சிலை வைத்தது. இசையமைப்பாளர் விவால்டி அந்த வெற்றிக்காக ஓர் ஒரட்டோரியோ, அதாவது நடிப்பில்லாமல் பாடும் சமயக் கதை, எழுதினார். ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் புயலை அனுப்பியவர் ஸ்பிரீதோன். கையில் பந்தத்தோடு ஒரு துறவியைத் துருக்கியச் சிப்பாய்கள் வானத்தில் பார்த்ததாகவே சொல்கிறார்கள். வெனிஸ் அரசும் அதை மறுக்கவில்லை: ஆகஸ்ட் 11 ஊர்வலம் அதற்காகத்தான், விலையுயர்ந்த வெள்ளி விளக்கும் கொடுத்தது.

இங்கே பாருங்கள், ஷூலன்பர்க்குக்குச் சிலை கிடைத்தது, பிள்ளைகள் கிடைக்கவில்லை. கார்ஃபுவில் ஒரு யோஹானைக்கூட நான் சந்திக்கவில்லை.

ஊர்வலம் ஆண்டுக்கு நான்கு. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, 16ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலிருந்து காத்ததற்கு: இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்த கோதுமைக் கப்பல்களைப் புனிதர் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார் என்பது கதை. குருத்து ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் 17ஆம் நூற்றாண்டின் இரண்டு கொள்ளைநோய்களுக்கு. நான்காவது ஆகஸ்ட். நாலும் சேர்ந்தால் தீவின் வரலாறே வந்துவிடுகிறது: பசி, நோய், நோய், போர்.

புனிதருக்குக் கோபமும் வரும். 1718இல் வெனிஸ் கடற்படைத் தலைவர் பிசானி இந்தக் கோயிலில் கத்தோலிக்கப் பீடம் ஒன்று வைக்க நினைத்தார். வேண்டாம் என்று கனவில் எச்சரிக்கை வந்தது என்கிறார்கள். அந்த நவம்பரில் மின்னல் விழுந்து பழைய கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. பிசானியும் இறந்தவர்களில் ஒருவர். வெடிவிபத்து வரலாறு, கனவு ஊரார் சேர்த்தது. கூடவே பலர் செத்தார்கள் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது உறுத்தியது.

கோட்டைக்கு எதிரே ஸ்பியனாதா மைதானம். இங்கே கிரிக்கெட்! 1815லிருந்து 1864 வரை இத்தீவுகள் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தன. அவர்கள் போனார்கள், கிரிக்கெட் தங்கிவிட்டது. கிரேக்கத்தில் கிரிக்கெட்டுக்கு வேர் பிடித்த ஊர் இது ஒன்றுதான். டிசம்பரில் ஆட்டமில்லை. ஆனாலும் ஈரப் புல்லில் நின்று ஒரு பையனுக்கு ஆஃப் ஸ்பின் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். பெயர் கேட்டேன். அலெக்சாந்த்ரோஸாம். ஏமாற்றமாகிவிட்டது.

மதியம் பிளாதிதேரா மடத்துக்கு நடந்தேன். சுதந்திர கிரேக்கத்தின் முதல் ஆளுநர் இயோவானிஸ் கபோதிஸ்திரியாஸின் கல்லறை அங்கே. கார்ஃபுவில் பிறந்தவர், ரஷ்யாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், நாடு அழைத்ததும் வந்தவர். 1831 அக்டோபர் 9 ஞாயிறு காலை, அப்போதைய தலைநகர் நஃப்பிளியோவில் தேவாலயத்துக்குள் நுழையும்போது வாசலிலேயே இரண்டு பேர் அவரைக் கொன்றார்கள். அது எந்தத் தேவாலயம்? புனித ஸ்பிரீதோன் தேவாலயம். ஊரை விட்டு எங்கோ தொலைவில் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை தன் ஊர்ப் புனிதரின் கோயிலைத் தேடிப் போயிருக்கிறார். சுவரில் குண்டு பட்ட இடத்தைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நான் வேறொரு பயணத்தில் பார்த்தேன், அப்போது இந்தத் தொடர்பு தெரியாது.

டிசம்பர் 14, கிளம்பும் நாள்

படகு மாலையில்தான். காலையில் கவிஞர் தியோனிசியோஸ் சொலொமோஸ் வாழ்ந்த வீட்டைப் பார்த்தேன். கிரேக்க தேசிய கீதத்தின் வரிகள் இவருடையவை, இசை கார்ஃபுவின் மந்த்ஸாரோஸ். சொலொமோஸ் 1857இல் இங்கே இறந்தார், ஆனால் பிறந்தது ஸாக்கிந்தோஸ் தீவில். அது பெயரிலேயே தெரிகிறது. ஸாக்கிந்தோஸின் புனிதர் தியோனிசியோஸ், அதனால் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் தியோனிசிஸ்கள். நடுவில் கெஃபலோனியா தீவு, அதன் புனிதர் கெராசிமோஸ். அங்கே அந்தப் பெயர். இந்தக் கடலில் ஒருவன் பெயரைச் சொன்னதும் எந்தத் தீவு என்று ஊகிக்கிறார்கள், பெரும்பாலும் சரியாக இருக்கிறது. தியோனிசியோஸ் விஷயம் இன்னும் வேடிக்கை: மது தெய்வம் தியோனிசோஸுக்கு உரியவன் என்பதுதான் பெயரின் அர்த்தம். அதை ஒரு துறவி வைத்துக்கொண்டு புனிதராகவும் ஆகிவிட்டார், யாருக்கும் உறுத்தவில்லை.

ஸ்பீரோக்களும் தீவுக்குள் அடங்கவில்லை. பிரேயஸ் துறைமுக நகரத்தின் காவல் புனிதரும் ஸ்பிரீதோன்தான். அமெரிக்காவில் நிக்சனுக்குத் துணை அதிபராக இருந்த ஸ்பைரோ ஆக்னியூ, கிரேக்கத்திலிருந்து குடியேறியவரின் மகன். லஞ்சப் புகார் விசாரணைக்கு நடுவே 1973இல் பதவி விலகினார். பெலோகாஸ் வழி வந்த ஸ்பீரோ என்று வைத்துக்கொள்ளலாம்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் 11 மாலை கூட்டம் அதிகம், 12 விடிகாலையில் போனால் வரிசை சின்னது. புனிதர் 13 வரை வெளியே நிற்கிறார். தெரு ஊர்வலமும் இசைக்குழுக்களும் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரில் வராதீர்கள், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வாருங்கள். காலை ஊர்வலம் முடிந்து 11 மணிக்கு மாடிகளிலிருந்து தண்ணீர் நிறைத்த மண்பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பார்கள், தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துக்கு அறை மாதக்கணக்கில் முன்பதிவு செய்தாக வேண்டும். டிசம்பரில் வந்தால் நல்ல மழைக்கோட்டு தேவைப்படும். கீரியா ஸ்பிரிதூலா கணக்கைக் கூட்டும்போது 12ஆம் தேதி வாடகையை மட்டும் கழித்துவிட்டார். பெயர்நாளாம்.